பத்தாவது வண்டி

மூன்று ஷோரூம், ஒன்பது வண்டி. ஒன்பதையும் லிப்ட் மெக்கானிக் வேண்டாமென்று சொல்லிவிட்டார். முதல் வண்டியின் சீட்டு பலகை மாதிரி இருந்ததாம். இரண்டாவதன் ஹேண்டில்பார் தாழ்வாம், சாயங்காலத்துக்குள் முதுகு கழன்றுவிடுமாம். ஒன்று சிக்னலில் நின்றால் அதிர்கிறது. இன்னொன்றில் பின்னால் உட்காருகிறவர் பிடித்துக்கொள்ள வாகான கம்பி இல்லை. இத்தனைக்கும் நடுவில் எல்லா வண்டிக்கும் பொதுவாக ஒரு குற்றச்சாட்டு இருந்தது. கிளட்ச் கெட்டி. "இப்ப வர்ற வண்டி எல்லாத்துலயும் கிளட்ச்சைக் கல்லு மாதிரி வெச்சிருக்கான்" என்று சொல்லி, ஓட்டிப் பார்க்காமலேயே இரண்டை ஒதுக்கிவிட்டார்.

கூடப் போன மச்சினனுக்கு வெறுத்துவிட்டது. வண்டிகளைப் பற்றி வரும் வீடியோ ஒன்று விடாமல் பார்க்கிறவன் அவன். எது லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும், எதன் சஸ்பென்ஷன் பள்ளத்தில் முதுகைக் காப்பாற்றும், எதற்கு உதிரி பாகம் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும் என்பதெல்லாம் அவனுக்குத் தண்ணீர்பட்ட பாடு. அவனிடம் சொந்தமாக ஒரு சைக்கிள்கூடக் கிடையாது என்பது வேறு விஷயம்.

"எங்கக்காவை ஒரே தடவை பார்த்துட்டு சரின்னு சொன்ன ஆளு மாமா நீங்க. வண்டிக்குப் போய் இந்தப் பாடு படுத்துறீங்களே!"

"உங்கக்கா என்னைக் கிளட்ச் பிடிக்கச் சொல்லலையே மாப்ள" என்றார் மெக்கானிக். சிரிக்காமல்தான் சொன்னார்.

சிரிக்கும் நிலைமையில் வீட்டில் யாரும் இல்லை. பழைய வண்டியை விற்று எட்டு நாளாகிறது. இந்த எட்டு நாளும் அவர் டூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில்தான் போய் வந்தார். அவர் பொறுப்பில் பதினான்கு கட்டிடங்கள், நகரத்தின் நாலு மூலையிலும். லிப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஆள் மாட்டிக்கொண்டது என்று போன் வந்தால் அரை மணிக்குள் போய் நிற்க வேண்டும். பஸ் அதற்கெல்லாம் கவலைப்படுமா? இரண்டு தடவை தாமதமாகிவிட்டது. ஒரு தடவை வயதான ஒருவர் ஐம்பத்தைந்து நிமிடம் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர் தீர்த்துச் சொல்லிவிட்டார்: "திங்கக்கிழமை காலைல வண்டியோட வந்தா ரூட்டுக்குப் போ. இல்லேன்னா குடோன்ல போய் உக்காரு." குடோனுக்குப் போன யாரும் அந்தக் கம்பெனியில் மூன்று மாதம் தாண்டியதில்லை. அது மெக்கானிக்குக்கும் தெரியும், அவர் மனைவிக்கும் தெரியும்.

சனிக்கிழமை சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. இரண்டாவது மாடியில் அவர்களுடைய வீடு, ஒரு அறையும் சமையலறையும். ஜன்னல் கம்பிகளில் துணி காயாமல் தொங்கியது. மனைவி முட்டையை வேகப் போட்டுவிட்டு வாசல்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் சட்டைக் கம்பெனியில் செக்கர். ட்யூப்லைட் கட்டிய மேஜையில் ஒரு நாளைக்கு நானூறு சட்டையைப் புரட்டிப் பார்த்து, தையல் விட்ட இடத்திலும் பட்டன் ஆடுகிற இடத்திலும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது வேலை. தினமும் காலையில் மெக்கானிக்தான் அவளைக் கம்பெனி வாசலில் இறக்கிவிட்டுப் போவார். அதனால் பின் சீட்டு பற்றி அவளுக்கும் ஒரு அபிப்பிராயம் உண்டு. ஆனால் அதை யாரும் கேட்கவில்லை.

மச்சினன் போனைப் பார்த்து வாசித்தான். "நூத்தி இருபத்தஞ்சு சிசி. சீட்டு நீளம், அகலம், ரெண்டு பேர் தாராளமா உக்காரலாம். ஹேண்டில்பார் ஒசரம், நிமிந்து உக்காந்து ஓட்டலாம். டியூப் இல்லாத டயரு. நாள் பூரா டவுனுக்குள்ள ஓட்டுறவங்களுக்குன்னே செஞ்சதாம். நாளைக்கு இதைப் பாத்துடுவோம் மாமா."

"கிளட்ச் எப்படியாம்?"

"அதெல்லாமா போட்டிருப்பான்?"

"அதான் முக்கியம். டவுனுக்குள்ள ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை கிளட்ச் பிடிக்கிறேன். அதை எவனும் சொல்ல மாட்டான். மைலேஜை மட்டும் சொல்லுவான்."

"அப்போ ஸ்கூட்டர் வாங்குங்க. கிளட்ச்சே இல்ல, கியரும் இல்ல. தொல்லை விட்டுது."

"வேண்டாம்." மெக்கானிக்கின் குரல் சட்டென்று உயர்ந்தது. "அதுல பிரேக்கு ரெண்டும் கையில. எனக்கு ஆகாது."

"கையில இருந்தா என்ன மாமா? ஊரே ஓட்டுது."

"ஆகாதுன்னா விடேன்!"

மனைவி வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "அவன்கிட்ட எதுக்கு எரிஞ்சு விழுறீங்க? உங்களுக்காகத்தானே லீவு போட்டுட்டு அலையுறான். சீட்டு சரியில்ல, கம்பி சரியில்ல, கிளட்ச் சரியில்ல. நாளை மறுநாள் காலைல என்ன பண்ணப் போறீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல."

"பார்ப்போம்."

"எதைப் பார்ப்போம்? நேத்து ராத்திரி பூரா நான் தூங்கல. நீங்க என்னடான்னா கல்லுப் பிள்ளையார் மாதிரி உக்காந்திருக்கீங்க."

அவர் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். வலது கையால்தான் எடுத்தார். நெடுநாளாகவே அப்படித்தான், யாரும் கவனிக்கவில்லை.

பழைய வண்டி பதினோரு வருடம் உழைத்த வண்டி. மழையில் முங்கிய தெருவிலும் நின்றதில்லை. ஆறு மாதத்துக்கு முன்புதான் மக்கர் செய்யத் தொடங்கியது. கியர் மாற்றும்போது வெட்டி வெட்டி இழுத்தது, சிக்னலில் பொசுக்கென்று அணைந்தது. மெக்கானிக்காயிற்றே, சும்மா விடுவாரா? ஞாயிற்றுக்கிழமைகளில் கீழே கோணியை விரித்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். கிளட்ச் கேபிளை மாற்றினார். பிளேட்டை மாற்றினார். லீவரை மாற்றினார். மறுபடியும் பிளேட்டை மாற்றினார். எதுவும் கேட்கவில்லை. கடைசியில், "இதுக்கு ஆயுசு முடிஞ்சுது" என்று சொல்லி, அவர்கள் தெருவுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவருக்குக் கொடுத்துவிட்டார். மெக்கானிக் நல்ல மனிதர்தான், மறைக்காமல் கிளட்ச் கோளாறைச் சொல்லித்தான் கொடுத்தார்.

எதுவானாலும் முதலில் மெஷினைப் பார்ப்பது அவர் தொழில். லிப்ட் கதவு மூடவில்லை என்றால் கதவைப் பார், ஓடவில்லை என்றால் மோட்டாரைப் பார். குறை எப்போதும் இரும்பில்தான் இருக்கும், ஆளிடம் இருக்காது. இருபது வருடமாக அப்படியே பழகிப்போனவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை கேன்காரர் வந்தார். தோளில் கேனுடன் இரண்டு மாடி ஏறி, சமையலறை மூலையில் இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்.

"வண்டி எப்படி ஓடுது?" என்று மனைவி கேட்டாள். மரியாதைக்குக் கேட்ட கேள்விதான். விற்ற வண்டி நடுத்தெருவில் நின்று இவர் சண்டைக்கு வந்துவிடுவாரோ என்ற பயமும் உள்ளே இருந்தது.

"வண்டியா அக்கா அது? யானை! பக்கத்துக்கு ரெண்டா நாலு கேன் கட்டிட்டு மேட்டுல ஏத்துறேன், முக்கல் முனகல் இல்ல. அண்ணன் எதுக்கு வித்தாருன்னே எனக்குப் புரியல."

"கிளட்ச்?"

"வெண்ணெய் மாதிரி இருக்கு. ஒத்த விரல் போதும்."

"கடையில விட்டு வேலை பாத்தீங்களா?"

"நான் ஏன் தொடணும்? ஸ்பேனரே வெக்கல. அண்ணன்தான் எல்லாத்தையும் புதுசாப் போட்டுல்ல குடுத்தாரு. ஏமாத்தி வாங்கிட்டேனோன்னு எனக்கே ஒரு மாதிரியா இருக்குக்கா."

காலிக் கேனை எடுத்துக்கொண்டு அவர் இறங்கிப் போனார். கீழே அந்த வண்டி ஒரே உதையில் கிளம்புகிற சத்தம் கேட்டது. கியர் விழுந்தது, வெட்டாமல் கொள்ளாமல் தெருமுனை தாண்டிப் போனது. அவள் சமையலறை நடுவில் நின்றபடி அந்தச் சத்தம் தேயும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரு?" என்று உள்ளேயிருந்து மெக்கானிக் கேட்டார்.

"தண்ணி."

அப்புறம் அவளுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. போன மாதம் கையிலிருந்து நழுவிய குழம்புக் கிண்ணம். சாவியைக் கீழே போட்டுவிட்டுத் தேடியது. தூங்கும்போது இடது கையை உதறி உதறிப் படுத்தது. மழையிலும் குளிரிலும் முழுக்கைச் சட்டையைச் சுருட்டி விட்டுக்கொண்டே திரிந்தது. அவள் பீரோவைத் திறந்து, இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இதைப் போட்டுக்குங்க."

போட்டுக்கொண்டு இரண்டு கையையும் சுருட்டியபடி வந்தார்.

"கையை இறக்கிப் பட்டன் போடுங்க. ஊதக்காத்து அடிக்குது."

"பரவால்ல."

"போடுங்கன்னு சொல்றேன்ல."

இடது கைப் பட்டனை வலது கை ஒரு நொடியில் போட்டது. வலது கைப் பட்டனிடம் இடது கை வந்தது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் பட்டனைச் சுற்றிச் சுற்றி வந்தன. அவர் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார், ஊசியில் நூல் கோர்க்கிறவர் மாதிரி. பட்டன் துளைக்குள் போகவில்லை. "ப்ச், விடு" என்று மறுபடி சுருட்டிக்கொண்டார்.

ஒரு நாளைக்கு நானூறு சட்டை பார்க்கிறேன், வீட்டில் இருந்த ஒரு சட்டையைப் பார்க்கத் தவறிவிட்டேனே என்று அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. நேருக்கு நேர் கேட்டால் மழுப்புவார். பட்டன் ஓட்டை சிறிசு என்பார். வாயடைக்கிற ஆதாரம் வேண்டும்.

"இன்னிக்கு நானும் வர்றேன். பின் சீட்டுல உக்காந்து பாத்துட்டுத்தான் வாங்கணும்" என்றாள்.

ஷோரூமில் பத்தாவது வண்டி கருநீலத்தில் நின்றது. விற்பனைப் பெண் மெக்கானிக்கின் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு சாவியைக் கொடுத்தாள். "பாலம் ஏறி இறங்கி ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க சார். சீட்டு எப்படி இருக்குன்னு மேடத்தையும் கேளுங்க." மச்சினன் கண்ணாடிக் கதவருகே நின்று, சாமி கும்பிடுவது மாதிரி இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்துக் காட்டினான்.

சீட்டு நன்றாகத்தான் இருந்தது. கம்பியும் கைக்கு வாகாக இருந்தது. ஆனால் முதல் கியரிலேயே வண்டி ஒரு துள்ளுத் துள்ளியது. அவளுக்கு நன்றாகப் பழகிய துள்ளல். ஆறு மாதமாகப் பழைய வண்டி துள்ளிய அதே துள்ளல்.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. பாலத்தின் ஏற்றத்தில் பாதி ஏறியதும் முன்னால் வண்டிகள் அடைத்துக்கொண்டன. நின்றார்கள். பின்னால் ஒரு பஸ் வந்து, மூச்சு முதுகில் படுகிற தூரத்தில் நின்றது. முன்னால் இருந்த வண்டிகள் நகர்ந்தபோது அவர் கிளட்ச்சை விட்டார். வண்டி ஒரு உலுக்கு உலுக்கி அணைந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்தார். மறுபடி அணைந்தது. ஈரத் தார்ச்சாலையில் வண்டி ஒரு முழம் பின்னுக்கு வழுக்கியது. பஸ் டிரைவர் ஹாரனை அமுக்கிப் பிடித்தார்.

அவள் எட்டிப் பார்த்தாள். சாலையைப் பார்க்க வேண்டிய மனிதர் குனிந்து தன் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியலையா?" என்று கேட்டாள்.

"என்ன?"

"லீவர் எங்க இருக்குன்னு கைக்குத் தெரியலையா?"

ஹாரன் நிற்கவில்லை. அவர் திரும்பாமலே தலையை ஆட்டினார். "எவ்வளவு விட்டேன்னு தெரியல. கண்ணால பாத்தாத்தான் தெரியுது."

அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. முன்னால் நகர்ந்து அவர் முதுகோடு ஒட்டி உட்கார்ந்தாள். அவருடைய இடது அக்குளுக்கு அடியில் கையை நுழைத்து நீட்டி, லீவர் மேலிருந்த அவர் விரல்கள் மேல் தன் விரல்களை வைத்தாள். அவர் விரல்கள் சில்லிட்டுக் கிடந்தன.

"நீங்க ஆக்சிலேட்டரைப் பாருங்க. இதை நான் பாத்துக்குறேன்."

"உனக்கு ஓட்டத் தெரியாதே!"

"பதினோரு வருஷம் பின்னால உக்காந்து வந்திருக்கேன். சொல்லுங்க."

"பிடி."

"பிடிச்சுட்டேன்."

"மெதுவா விடு... இன்னும் மெதுவா... அவ்வளவுதான், அங்கயே நிறுத்து. ம், இப்ப விடு."

வண்டி நகர்ந்தது. துள்ளவில்லை. பஸ் டிரைவர் பக்கவாட்டில் கடந்து போகும்போது கண்டபடி திட்டினார். இருவரும் காதில் வாங்கவில்லை. "பிடி", "விடு", "பிடி", "விடு" என்று சொல்லிக்கொண்டே உச்சி தாண்டி இறங்கினார்கள். கீழே வந்ததும் முதலில் கண்ணில் பட்ட டீக்கடையில் நிறுத்தினார்கள்.

டீ வந்தது. அவர் தொடவில்லை.

"எத்தனை நாளா?"

"மொதல்ல விரல் மரத்துச்சு. தூங்கி எந்திரிச்சா சரியாயிடும். அப்புறம் சரியாகல. வண்டிதான் கெட்டியாயிடுச்சுன்னு நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன்."

"இப்பவும் அப்படித்தான் நெனைக்கிறீங்களா?"

"இல்ல" என்றார். "ரெண்டு மாசம் முன்னாடியே தெரிஞ்சுபோச்சு. ஒரு பில்டிங்ல கரண்ட் போய் அம்மாவும் பொண்ணும் உள்ள மாட்டிக்கிட்டாங்க. மேல மெஷின் ரூம்ல நான் மட்டும்தான். லிப்டை அடுத்த மாடிக்குக் கொண்டு வர வலது கையால மோட்டார் சக்கரத்தைச் சுத்தணும், இடது கையால பிரேக் லீவரைக் கொஞ்சம் விட்டுக் கொஞ்சம் பிடிக்கணும். எவ்வளவு விட்டேன்னு கைக்குத் தெரியல. எதிர் எடை இழுத்து லிப்ட் சர்ருன்னு அரை மாடி ஏறிடுச்சு."

"ஐயோ!"

"பிடிச்சுட்டேன். ஒண்ணும் ஆகல. கயித்துல எண்ணெய், அதான் வழுக்கிடுச்சுன்னு ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன். அந்தம்மா வெளிய வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு நன்றி சொன்னாங்க. பிஸ்கட் டப்பா குடுத்தாங்க. நீகூட ஏது இதுன்னு கேட்டியே."

அவளுக்கு அந்தப் பிஸ்கட் ஞாபகம் வந்தது. டீயில் தொட்டுத் தொட்டு அவள்தான் முக்கால்வாசியும் தின்றாள்.

அப்போது அவர் போன் அடித்தது. சூப்பர்வைசர். குரல் பக்கத்தில் நின்ற அவளுக்கும் கேட்டது.

"எங்கய்யா இருக்க? பாலத்துக்கிட்ட பன்னெண்டு மாடி இருக்குல்ல, அங்க லிப்ட் நின்னு போச்சு. உள்ள ரெண்டு பேரு. லீவு நாள், எவனும் கிடைக்கல. உனக்குத்தான் பக்கம்."

அந்தக் கட்டிடம் டீக்கடையிலிருந்தே தெரிந்தது. நடந்து போனால்கூட ஐந்து நிமிடம்.

"போய் எடுத்து விட்டுடு. நாளைக்கு வண்டி, ரூட்டு எந்தப் பேச்சும் இல்ல, நான் பாத்துக்குறேன். என்ன, கேக்குதா?"

மெக்கானிக் அந்தக் கட்டிடத்தைப் பார்த்தார். அப்புறம் மனைவியைப் பார்த்தார். அவள் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. எதுவானாலும் அவர் வாயாலேயே கேட்க வேண்டும் என்று மட்டும் இருந்தது அவளுக்கு. அந்த ஒரு நிமிடம் அவரை அவளுக்குப் பிடித்ததா பிடிக்கவில்லையா என்றே தெரியவில்லை.

"சார், என்னை அனுப்பாதீங்க."

"ஏன்யா?"

"இடது கையில உணர்ச்சி இல்ல சார். பிரேக் லீவரைப் பிடிக்க முடியாது. ரெண்டு ஆளா அனுப்புங்க. ஒருத்தர் லீவர், ஒருத்தர் சக்கரம்."

சூப்பர்வைசரின் குரல் தணிந்தது.

"எத்தனை நாளா?"

"ஆறு மாசமா."

"அப்போ, கயித்துல எண்ணெய்னு எழுதிக் குடுத்தியே..."

"அது எண்ணெய் இல்ல சார்."

தூரத்தில் யாரையோ கூப்பிட்டு, வேனை எடு, இரண்டு பேராகக் கிளம்புங்கள் என்று சூப்பர்வைசர் கத்துவது கேட்டது. பிறகு போனுக்கு வந்தார்.

"நாளைக்கு ஆபீசுக்கு வா."

"வண்டி இன்னும் சார்..."

"பஸ்ல வாய்யா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அது கோபமா, இரக்கமா, வேலையை முடித்துக் கணக்குத் தீர்க்கவா என்று இருவருக்கும் புரியவில்லை. புரிந்துகொள்ளத் தெம்பும் இல்லை. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கம்பெனி வேன் தண்ணீரை வாரியடித்துக்கொண்டு போனது. அரை மணி கழித்து, ரெண்டு பேரும் வெளிய வந்தாச்சு என்று போனில் ஒரு வரி வந்தது. அதைப் படித்த பிறகுதான் மெக்கானிக் ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார். அவள் அவருடைய வலது கையை இழுத்து மடியில் வைத்து, சுருட்டிய சட்டையை இறக்கிப் பட்டனைப் போட்டுவிட்டாள்.

"நாளைக்கு ஆபீசுக்கு முன்னாடி ஆஸ்பத்திரி. நானும் லீவு போடுறேன்" என்றாள்.

அவர் சரியென்று தலையாட்டினார்.

திரும்பும்போதும் அப்படியேதான் ஓட்டி வந்தார்கள். பிடி, விடு. ஷோரூம் வாசலில் மச்சினன் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தான். அக்காவின் கை மாமாவின் கைக்கு மேல் இருப்பதைப் பார்த்து அவன் வாய் திறந்தது, திறந்தபடியே இருந்தது. விற்பனைப் பெண் படிவத்தையும் பேனாவையும் தயாராக வைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஒரு ரவுண்டுன்னு சொல்லிட்டு ஒரு மணி நேரம் ஆயிடுச்சே சார்! வண்டி பிடிச்சிருச்சு போல. எப்படி இருக்கு? ஏதாவது குறை இருந்தா சொல்லுங்க சார்."

"இந்த முறை என்ன மாமா? கிளட்ச் கெட்டியா?" என்றான் மச்சினன், அடிவயிற்றிலிருந்து.

மெக்கானிக் இறங்கினார். வண்டியை ஸ்டாண்டில் போட்டு, சீட்டில் விழுந்திருந்த தூறலைத் துடைத்துவிட்டு, சாவியை வலது கையால் அந்தப் பெண்ணிடம் கொடுத்தார்.

"நல்ல வண்டிம்மா. ஒரு குறையும் இல்ல" என்றார். பிறகு மச்சினன் பக்கம் திரும்பினார். "மத்த ஒன்பதுலயும் இல்ல, மாப்ள."